தேன் என்னும் மருந்து: மலைச்சாரல் முதல் வாஷி வரை

தமிழ் மருத்துவ ஏடுகளில் தேன் இடம்பெறாத பக்கம் அரிது. சூரணத்தைக் குழைப்பதற்கும், பற்பத்தையும் செந்தூரத்தையும் உட்கொள்வதற்கும் துணைமருந்தாக, அதாவது அனுபானமாக, அது பரிந்துரைக்கப்படுகிறது. இப்பெருவழக்கின் காரணமாகத் தேன் தீங்கற்றது, எந்நோய்க்கும் ஏற்றது, எவரும் உண்ணலாம் என்னும் கருத்து அண்மைக்கால மருத்துவக் குறிப்பு நூல்களில் வேரூன்றியுள்ளது. பழைய நூல்களும் அவ்வாறு கூறவில்லை. கடந்த நூறாண்டு அறிவியல் ஆய்வும் அவ்வாறு கூறவில்லை. எத்தேன், எவ்வளவு பழையது, சூடுபட்டதா, யாருக்குத் தரப்படுகிறது என்னும் வினாக்களை எழுப்பிய பின்னரே இரண்டும் தேனை மருந்தென ஏற்கின்றன. இவ்வினாக்கள் எவ்வாறு தோன்றி வளர்ந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றின் அண்மைப் பகுதியில் மும்பைப் பெருநகரின் கிழக்கு விளிம்பிற்குத் தனி இடம் உண்டு. செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைந்துள்ளது. தாணே கடற்கழியின் மறுகரையில் உள்ள வாஷியில், 1989இல் தோற்றுவிக்கப்பட்ட கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியமும், தேன் உள்ளிட்ட உணவுப்பொருள்களின் ஏற்றுமதியை மேற்பார்க்கும் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் மும்பை மண்டல அலுவலகமும் இயங்குகின்றன. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், வாஷி ஆகிய பகுதிகளில் தமிழர் பெருகி வாழ்கின்றனர். ஊரிலிருந்து உறவினர் கொணரும் மலைத்தேனும், கடையில் விற்கும் புட்டித்தேனும் அவர்தம் இல்லங்களில் ஒரே அலமாரியில் இருப்பதுண்டு. ஏட்டு மரபும் ஆய்வுக்கூட அறிவும் ஒன்றையொன்று அறியாமல் அண்டை வீட்டில் வாழும் இடம் இது எனலாம்.

தேனும் தேறலும்

சங்கப் புலவர் தேனைப் பெரும்பாலும் உணவாகவும் அருமைப்பாட்டின் குறியீடாகவும் காண்கின்றனர். உழாமல் கிடைக்கும் பறம்பின் நால்வகை விளைவுகளுள் தேனைக் கபிலர் நான்காவதாக வைக்கிறார் (புறம்.109). உயர்ந்த வரையிலுள்ள தேனடையைக் கீழிருந்து சுட்டிக்காட்டி உள்ளங்கையை நக்கும் முடவனைப் பரணர் படைக்கிறார் (குறுந்.60). தேனெடுக்கச் செங்குத்தான பாறையில் சார்த்தும் மூங்கில் ஏணிக்கு ‘மால்பு’ என்று தனிப்பெயரே இருந்தது. ‘தேன்’ என்னும் ஒரு சொல்லின் புணர்ச்சிக்காகத் தொல்காப்பியர் புள்ளிமயங்கியலில் தனியே விதி வகுத்து, ‘இறால்’ என்னும் அடையின் பெயரோடு அது சேரும்போது ‘தேனிறால்’ என்றும் ‘தேத்திறால்’ என்றும் வருவதற்கு இடம் தருவது, அச்சொல் வழக்கில் பெற்றிருந்த செல்வாக்கைக் காட்டும்.

பறம்புப் பாடலில் வரும் ‘ஓரி’ என்னும் சொல் ஈண்டு ஆராயத்தக்கது. முசுக்கலை என்னும் பொருள் ஒருபுறமிருக்க, தேன் முதிர்ந்தால் தோன்றும் நிறத்தையும் அது குறிக்கும் எனப் பழைய உரை விளக்கம் தருகிறது. முதிர்ந்த தேனுக்கும் முதிராத தேனுக்கும் வேறுபாடு உண்டென்பதும், அதனைக் கண்ணால் அறியலாம் என்பதும் உரையாசிரியர் காலத்தில் தெளிவாகவே உணரப்பட்டிருந்தன. தேனீக்கள் மலர்ச்சாற்றின் நீரைச் சிறகடித்து வற்றவைத்து, போதிய அளவு கெட்டியான பின்னரே அறைகளை மெழுகால் மூடுகின்றன. மூடப்படாத அடையைப் பிழிந்தால் நீர் மிகுந்த தேன் கிடைக்கும். அது விரைவில் புளிக்கும். இந்தியாவின் இன்றைய உணவுத் தர விதிகள் தேனின் ஈரப்பதம் 20 விழுக்காட்டிற்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பதன் காரணமும் இதுவே.

புளித்தலைப் பண்டைத் தமிழர் பயனாகவும் கொண்டனர். மூங்கிற் குழாயில் நெடுநாள் வைத்து முதிரச்செய்த தேக்கள் தேறலைத் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் குறிப்பிடுகின்றன. இங்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. ‘நறவு’, ‘மட்டு’, ‘மது’ ஆகிய சொற்கள் தேனையும் குறிக்கும், கள்ளையும் குறிக்கும். இலக்கியத்தில் இம்மயக்கம் சுவை பயக்கலாம். மருந்துக் குறிப்பில் ‘மது’ என்று வருமிடத்தில் அது தேனா, தேறலா என்று தெளியாமல் பதிப்பிப்பது மருந்தையே மாற்றிவிடும்.

மருத்துவ நூல்களின் நிபந்தனைகள்

சித்த மருத்துவக் குணபாட நூல்கள் தேனை மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், மனைத்தேன், புற்றுத்தேன் எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு குணம் கூறுகின்றன. புதிய தேனுக்கும் பழைய தேனுக்கும் குணம் வேறு என்பதும் அவற்றின் கொள்கை. வடமொழி மரபில் சரகர் நான்கு வகையும் சுசுருதர் எட்டு வகையும் சொல்வர். தமிழ்ப் பாகுபாடு தேன் கிடைக்கும் இடத்தை அடிப்படையாகக் கொண்டது. எனினும் அது பூச்சியின் வகையோடும் பெரிதும் பொருந்திவருகிறது. பாறையில் கூடுகட்டும் பெருந்தேனீ, கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, பொந்தில் பல அடை கட்டும் அடுக்குத்தேனீ என்பன விலங்கியலாரும் வேறுபடுத்தும் தனித்தனி இனங்களே. ‘தேன்’ என்பது ஒரு தனிப்பொருளின் பெயரன்று, ஒரு தொகுதியின் பெயர் என்னும் இவ்வுணர்வு பிற்கால மருத்துவக் கைந்நூல்களில் மங்கிவிட்டது.

தேனைச் சூடாக்கலாகாது என்பதும், தேனும் நெய்யும் சம எடையில் சேரலாகாது என்பதும் ஆயுர்வேத விலக்குகள். மைசூரிலுள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆய்வுக்கூடத்தினர் இவ்விரண்டையும் சோதித்து, முடிவுகளை 2010இல் ‘ஆயு’ இதழில் வெளியிட்டனர். சூடேறும்போது தேனிலுள்ள பழச்சர்க்கரை சிதைந்து ஹைட்ராக்சிமெத்தில் பர்ஃப்யூரால் என்னும் சேர்மம் மிகுவதை அவர்கள் அளந்தனர். ஆனால் அவர்கள் எட்டிய உச்ச வெப்பநிலை 140 பாகை செல்சியசு. வெந்நீரில் தேன் கலக்கும் வீட்டு வழக்கிற்கும் அதற்கும் வெகுதூரம். ஆகவே பழைய விலக்கு மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று இவ்வாய்வை மேற்கோளாக்குவது பொருந்தாது. சூடு தேனை மாற்றுகிறது என்ற அளவில் இரண்டும் உடன்படுகின்றன, அவ்வளவே கொள்ளத்தக்கது. இச்சேர்மம் கிலோவிற்கு 80 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்திய விதி. பொதுவாக 40 மில்லிகிராம் என வரையறுக்கும் பன்னாட்டு உணவு விதித்தொகுப்பும் வெப்பநாட்டுத் தேனுக்கு 80 வரை இடம் தருகிறது. மே மாதத்து மும்பையில் தகரக் கூரையின்கீழ் அடுக்கிவைத்த புட்டிகளில், அடுப்பில் ஏற்றாமலேயே அது மெல்லக் கூடிக்கொண்டிருக்கும்.

இன்ஹிபினும் சோலாப்பூரும்

புண்ணுக்குத் தேனிடும் வழக்கம் மிகப் பழையது. கி.மு. 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த எகிப்திய எட்வின் சுமித் ஏட்டிலும் சுசுருத சங்கிதையிலும் அது காணப்படுகிறது. அதன் காரணத்தைத் தேடும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் தொடங்கியது. 1919இல் அமெரிக்காவின் கொலராடோவில் சாக்கெட் என்பார் குடற்காய்ச்சல், சீதபேதி முதலிய நோய்க்கிருமிகள் தேனில் மடிவதைக் காட்டினார்; நீர் சேர்த்த தேனில் அவை இன்னும் விரைவாக மடிந்தன. சர்க்கரைச் செறிவே கிருமியைக் கொல்கிறது என்றால், நீர் சேர்த்தபின் அவ்வாற்றல் குறைய வேண்டுமே! இம்முரணுக்கு விடை கிடைக்க நாளாயிற்று. 1937இல் தோல்டு முதலியோர் தேனிலுள்ள இனந்தெரியாத கிருமித்தடுப்பிக்கு ‘இன்ஹிபின்’ எனப் பெயரிட்டனர். அது ஹைட்ரஜன் பெராக்சைடே என்று 1963இல் ஒயிட் குழுவினர் நிறுவினர். தேனீயின் சுரப்பிலிருந்து வரும் குளுக்கோசு ஆக்சிடேசு என்னும் நொதி, தேன் நீர்த்தவுடன் விழித்துக்கொண்டு அதனைச் சிறுகச் சிறுகச் சுரக்கச்செய்கிறது. வெப்பமும் ஒளியும் இந்நொதியை அழிக்கும். புதியதும் சூடுபடாததுமான தேனையே புறமருந்தாகத் தேர்வதற்கு இதனால் ஒரு வேதியியல் காரணம் கிடைத்தது.

நியூசிலாந்து நாட்டு மானுக்காத் தேன் இவ்விதிக்கு விலக்கானது. பெராக்சைடை நீக்கிய பின்னும் அதன் ஆற்றல் எஞ்சுவதைப் பீட்டர் மோலன் சுட்டினார். அதற்குக் காரணம் மெத்தில்கிளையாக்சால் என்பதை 2008இல் ஜெர்மனியின் டிரெசுடன் நகரத்துத் தாமசு ஹென்லே குழுவினர் வெளிப்படுத்தினர். ஒரு குறிப்பிட்ட செடியின் மலர்ச்சாற்றுக்கே உரிய பண்பு இது. மலருக்கு மலர் குணம் வேறு என்னும் குணபாடக் கொள்கையின் பக்கத்தில் வைத்து இதனை எண்ணலாம். ஆனால் மலரின் குணம் எல்லாம் தேனில் இறங்கிவிடும் என்று கொள்வதும் பிழை. நாவல் மரத்துத் தேன் நீரிழிவுக்கு நல்லது என்னும் நம்பிக்கை மகாராட்டிரத்திலும் தமிழ் நாட்டுமருந்துக் கடைகளிலும் பரவியுள்ளது. நாவற்கொட்டைக்குச் சொல்லப்படும் குணத்தை அம்மரத்தின் மலர்ச்சாற்றுக்கு ஏற்றியுரைத்ததன் விளைவு அது. எம்மலரின் தேனாயினும் அதில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரையே.

இந்தியப் பங்களிப்புகளுள் மகாராட்டிரத்தின் சோலாப்பூரில் அறுவை மருத்துவர் எம். சுப்பிரமணியம் நிகழ்த்தியவை முதன்மையானவை. 1991இல் பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் வெளிவந்த அவரது ஆய்வில் தீக்காயமுற்ற 104 பேர் இடம்பெற்றனர். கூட்டிலிருந்து எடுத்த, பதப்படுத்தாத, நீர் சேர்க்காத தேன் 52 பேருக்கும், வழக்கமான வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பு 52 பேருக்கும் இடப்பட்டது. தேனிட்டவருள் 91 விழுக்காட்டினரின் காயங்கள் ஏழு நாளில் கிருமியற்றன; களிம்பிட்டவருள் ஏழு நாளில் தொற்று அடங்கியோர் 7 விழுக்காட்டினரே. இவ்வளவு பெரிய வேறுபாடு வியப்பையும் ஐயத்தையும் ஒருங்கே எழுப்பியது. அடுத்த ஆண்டுகளில் அவர் தேனைப் பல்வகைக் காயக்கட்டுகளோடு ஒப்பிட்டார். தீக்காயத் திசுவை முன்னரே சீவி அகற்றித் தோல் ஒட்டும் அறுவை முறை, மிதமான தீக்காயங்களுக்குத் தேன் கட்டினும் சிறந்தது என 1999இல் அவரே எழுதினார். தம் மருந்தின் எல்லையைத் தாமே வரையறுத்துக் காட்டும் ஆய்வாளர் மிகுதியும் இல்லை. காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு, மேலோட்டமான தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனால் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன என்று ஏற்றது. நாட்பட்ட புண்கள் பலவற்றிற்கு அத்தகைய சான்று இல்லை என்றும் அது கூறியது. தீக்காயம் பற்றிய சான்றின் பெரும்பகுதி சோலாப்பூர் என்னும் ஒரே களத்திலிருந்து வந்தது என்பதை இங்கு மறத்தலாகாது.

பெட்டித்தேன்

சோலாப்பூரில் பயன்பட்டது கூட்டுத்தேன். நகரத்தார் வாங்குவது வேறு. அவ்வேறுபாடு தோன்றிய கதை ஒருவகையில் தமிழகத்தில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியைச் சார்ந்த நியூட்டன் அடிகளார் இந்திய அடுக்குத்தேனீக்கு ஏற்ற பெட்டியை வடிவமைத்தார். ‘நியூட்டன் பெட்டி’ என அது இன்றும் வழங்குகிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமச் சீரமைப்புப் பணியால் குமரிப் பகுதி தேன் விளையும் மண்ணாயிற்று. 1962இல் கதர் கிராமத் தொழில் ஆணையம் புனேயில் மைய தேனீ ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. மலையேறி எடுத்த பொருள் தோட்டத்தில் விளைவதாயிற்று.

பெட்டியில் நெருங்கி வாழும் தேனீக்களை நோயும் நெருங்கிற்று. 1990களின் தொடக்கத்தில் ‘தாய் சாக்புரூட்’ என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்திய அடுக்குத்தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. அதன்பின் இத்தாலியத் தேனீ வளர்ப்பு விரிந்தது. தேனீ நோய்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தரும் பழக்கமும் தொடர்ந்தது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2010இல் சோதித்த 12 தேன் மாதிரிகளுள் 11இல் அம்மருந்துகளின் எச்சம் இருந்தது. அவ்வாண்டே ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேன் இறக்குமதியை நிறுத்தி, அடுத்த ஆண்டு மீண்டும் இசைந்தது. மருந்தென உண்ணும் தேன் வேண்டாத மருந்தைச் சுமந்து வந்தது.

கலப்படத்தின் கதை இன்னும் நுட்பமானது. கரும்பு, மக்காச்சோளம் ஆகியவற்றின் சர்க்கரையைத் தேனில் கலந்தால் கரிமத்தின் ஓரகத் தனிம விகிதம் காட்டிக்கொடுக்கும். இவை மலர்ச்சாறு தரும் பெரும்பாலான செடிகளினும் வேறுபட்ட முறையில் ஒளிச்சேர்க்கை செய்வனவாகும். இதனை அறிந்தோர் அரிசியிலிருந்தும் பீட்டுக்கிழங்கிலிருந்தும் எடுத்த பாகிற்கு மாறினர். அப்பயிர்களின் ஒளிச்சேர்க்கை தேன் தரும் செடிகளின் வகையைச் சார்ந்தது. ஆகவே அச்சோதனைக்கு அவை சிக்குவதில்லை. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனை வந்தபின்னரே அத்தகைய பாகுகளையும் கண்டறிய வழி பிறந்தது. 2020 டிசம்பரில் முற்கூறிய மையம் 13 வணிகப் பெயர்களின் தேனை இந்தியாவிலும் ஜெர்மனியிலும் சோதிப்பித்து, எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே என அறிவித்தது. நிறுவனங்கள் இதனை மறுத்தன. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் ஏற்றுமதித் தேனுக்கு அச்சோதனை கட்டாயமாக்கப்பட்டிருந்தது. உள்நாட்டு விதியில் அது அன்று இடம்பெறவில்லை. வாஷி அலுவலகக் கோப்பில் ஏறிக் கப்பலுக்குச் செல்லும் தேனுக்கு ஓர் அளவுகோலும், அதே ஊர்ச் சந்தையில் விற்கும் தேனுக்கு வேறோர் அளவுகோலும் இருந்தன என்பது இதனால் பெறப்படும்.

மக்கள் கையாளும் சோதனைகள் இதற்கு ஈடாகா. நீரில் கரையாமல் அடியில் தங்குதல், தாளில் ஊறாதிருத்தல், திரியில் நனைத்தால் எரிதல் ஆகிய மூன்றும் தேனின் கெட்டித்தன்மையையே காட்டுவன. நன்கு காய்ச்சிய சர்க்கரைப்பாகும் இவற்றில் தேறிவிடும். எறும்பு மொய்க்காது என்பதும் நாய் நக்காது என்பதும் எறும்பையும் நாயையும் பொறுத்தவை.

சேனையும் நுண்வித்தும்

கலப்படமற்ற தேனும் தீங்கு செய்யும் ஓரிடம் உண்டு. கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரி மண்ணில் வாழ்வது. அதன் நுண்வித்துகள் தூசி வழியாகவும் தேனீ வழியாகவும் தேனை அடைகின்றன. தேன் அவற்றை முளைக்க விடுவதில்லை, கொல்வதும் இல்லை. கொதிக்கும் நீரின் வெப்பத்தையும் அவை தாங்கும். வளர்ந்தோர் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றை ஓங்கவிடா. ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் அக்காப்பு இன்னும் அமைந்திராது, வித்து முளைத்து நச்சைச் சுரந்தால் குழந்தை பால் குடிக்கும் வலுவை இழக்கும், அழுகுரல் மெலியும், மூச்சுத்தசையும் தளரலாம். இக்குழந்தை நோய் கலிபோர்னியாவில் 1976இல் இனங்காணப்பட்டது. சில ஆண்டுகளில் தேன் அதன் காரணங்களுள் ஒன்றெனத் தெளிவாயிற்று. ஓராண்டு நிறையும்வரை தேன் தரலாகாது என உலக நல அமைப்பு எச்சரிக்கிறது.

தமிழர் வழக்கில் இது சேனை வைத்தலோடு நேரே மோதுகிறது. பிறந்த குழந்தையின் நாவில் குடும்பப் பெரியவர் ஒருவர் சர்க்கரை நீரோ தேனோ தொட்டுவைப்பர். அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. ‘சேய்நெய்’ என்பதன் திரிபே ‘சேனை’ என்பாரும் உளர். வடமொழி மரபின் சாதகருமச் சடங்கில் தேனும் நெய்யும் பொன்னும் சேர்வதைச் சுசுருதர் விரிப்பார். மும்பையில் தமிழரும் மராத்தியரும் ஒரே மருத்துவமனைக் கூடத்தில் வெவ்வேறு பெயரில் இதே செயலைச் செய்வது வியப்பன்று. இவ்வழக்கால் எக்குழந்தைக்கும் எதுவும் நேரவில்லை என்று பாட்டிமார் கூறுவது பெரும்பாலும் மெய்யே. எல்லாத் தேனிலும் வித்து இருப்பதில்லை. வித்து உள்ள தேனை உண்ட எல்லாக் குழந்தைக்கும் நோய் வருவதும் இல்லை. ஆனால் எந்தப் புட்டியில் அது உண்டு என்பதைக் கண்ணோ நாவோ அறியமுடியாது. இன்னொரு கூறும் உண்டு. பச்சிளங் குழந்தை உயிரிழப்பு மிகுந்திருந்த காலத்தில், காரணம் தெரியாத ஓர் இறப்பைத் தேனோடு யாரும் தொடர்புபடுத்தியிருக்க இயலாது.

வித்தை அழிக்கும் வழியைத் தேடிய ஆய்வே டிராம்பேக்கும் வாஷிக்கும் இட்டுச்செல்கிறது. கிருமி நீக்கக் கொதிகலத்தில் இட்டால் வித்து மடியும். உடன் பெராக்சைடு தரும் நொதியும் மடியும். 25 கிலோகிரே அளவிலான காமாக்கதிர் தேனின் கிருமியெதிர்ப்பாற்றலைக் குறைக்காமல் வித்துகளை அழிக்கும் என மோலனும் ஆலனும் 1996இல் காட்டினர். மருத்துவமனைகளில் காயத்திற்கு இடும் தேன் இவ்வாறே தூய்மை செய்யப்படுகிறது. டிராம்பே அறிவியலாளர் சக்சேனா, கௌதம், சர்மா ஆகியோர் 2010இல் இரண்டு ஆய்வுரைகள் வெளியிட்டனர். ஒன்று இந்தியத் தேன் வகைகளின் இயற்பியல், உயிர்வேதியியல், ஆக்சிசனேற்றத் தடுப்புப் பண்புகளை அளந்தது. மற்றொன்று காமாக்கதிரால் அவற்றின் நுண்ணுயிர்களை நீக்குவதையும், நீக்கியபின் அவற்றின் பண்பும் சுவையும் எவ்வாறு அமைகின்றன என்பதையும் ஆராய்ந்தது. மருத்துவப் பொருள்களைக் கோபால்ட் கதிரால் தூய்மை செய்யும் ‘ஐசோமெட்’ நிலையம் டிராம்பேயில் 1974இலேயே தொடங்கப்பட்டிருந்தது. நறுமணப் பொருள்களுக்கான கதிர்வீச்சு நிலையம் 2000இல் வாஷியில் இயங்கத் தொடங்கியது. மிளகும் மஞ்சளும் பெட்டியோடு உள்ளே சென்று வெளியே வருகின்றன. கதிர்பட்ட பொருள் கதிரியக்கம் பெறுவதில்லை என்பதை அங்குப் பணியாற்றுவோர் வருவோர்க்கெல்லாம் மீண்டும் மீண்டும் விளக்கவேண்டியுள்ளது.

காமாக்கதிர் வித்தைக் கொல்லும். அரிசிப்பாகையோ மருந்தெச்சத்தையோ பிரித்தெடுக்காது. கடைப்புட்டித் தேன் பொதுவாக இக்கதிரைக் கண்டதும் அன்று. ஆகவே ஓராண்டு வரம்பு அப்படியே நிற்கிறது.

இவ்வரம்பு தமிழ்ப் பதிப்புத் துறையையும் தொடுகிறது. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் முதலிய நிறுவனங்கள் மருத்துவச் சுவடிகளைத் தொடர்ந்து அச்சிட்டுள்ளன. குழந்தை மருத்துவம் கூறும் பாலவாகட நூல்களில் பச்சிளங் குழந்தைக்குத் தேனில் குழைத்து ஊட்டும் மருந்துகள் பல உள. மூலத்தை மாற்றுவது பதிப்பு நெறியன்று. அருஞ்சொற்பொருளும் பாடவேறுபாடும் தரும் அடிக்குறிப்பிலேயே, ‘ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தருதல் இன்றைய மருத்துவத்தால் விலக்கப்பட்டது’ என்னும் ஒரு வரியைச் சேர்க்க இடமுண்டு. இந்நூல்களை வாங்குவோருள் ஆய்வாளரினும், வீட்டில் மருந்து செய்ய முனைவோரே மிகுதி.